மூன்றரை மணி நேர வாடகை

என் அக்கா மகனுக்குப் பாரிமுனையில் வேலை. அவன் மனைவிக்கு நுங்கம்பாக்கத்தில். திருவல்லிக்கேணியில் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். தை பிறந்ததும் சொந்தமாக வீடு பார்க்கத் தொடங்கினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பில்டரின் வேன் வந்து அவர்களைக் கூடுவாஞ்சேரிப் பக்கம் அழைத்துப் போனது. இரண்டு படுக்கையறை, இரண்டு பக்கமும் காற்று, பால்கனியில் நின்றால் ஏரி. அன்று மாலையே எனக்குப் போன் செய்தான்.

"ஸ்டேஷன் பத்தே நிமிஷம் சித்தி. எலெக்ட்ரிக் ட்ரெயின்ல ஏறி உட்கார்ந்தா நேரா பீச். நீங்க அந்த லைன்ல வருஷக்கணக்கா போனவங்க. நீங்க சரின்னு சொன்னா நாளைக்கே அட்வான்ஸ் கொடுத்துடறோம்."

மறைமலை நகரில் ஏறிக் கோட்டை நிலையத்தில் இறங்கிப் பதினொரு வருடம் வேலைக்குப் போனவள் நான். ஆனாலும் சட்டென்று பதில் வரவில்லை. வேண்டாம் என்றால் அந்தப் பால்கனியை அவர்களிடமிருந்து பிடுங்கியவள் ஆவேன். வாங்கு என்றால், எதைக் கொடுத்து அதை வாங்குகிறார்கள் என்று தெரிந்தும் வாய் திறக்காதவள் ஆவேன். "ஒரு வாரம் பொறுடா, கணக்குப் போட்டுப் பார்க்கலாம்" என்றேன்.

கடற்கரை நிலையத்திலிருந்து கூடுவாஞ்சேரி சுமார் 40 கி.மீ. எல்லா நிலையங்களிலும் நின்று போகும் மின்சார ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் போல ஆகும். இது ரயிலுக்குள் இருக்கும் நேரம் மட்டும்தான். வீட்டைப் பூட்டிவிட்டு நிலையத்துக்கு வருவது, நடைமேம்பாலம் ஏறி இறங்குவது, வண்டிக்குக் காத்திருப்பது, இறங்கிய பின் அலுவலகத்துக்கு நடப்பது எல்லாம் சேர்ந்தால் ஒரு வழிக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். போக வர மூன்றரை மணி நேரம். வருடத்துக்கு 280 வேலை நாள் என்றால் 980 மணி நேரம். தூங்கும் நேரத்தைக் கழித்து ஒரு நாளுக்கு 16 மணி நேரம் என்று வைத்தால், வருடத்தில் 61 நாள், அதாவது விழித்திருக்கும் இரண்டு மாதம், பயணத்திலேயே போகிறது. வங்கிக் கடன் 20 வருடத்துக்கு என்றால், கடன் தீரும்போது விழித்திருந்த வாழ்நாளில் மூன்று வருடத்துக்கு மேல் ரயிலுக்கும் நடைமேடைக்கும் கொடுத்து முடித்திருப்பார்கள். தவணை அட்டவணையில் இந்தப் பத்தி இருக்காது.

இதைப் பணமாக மாற்றிப் பார்க்கலாம். நகரத்துக்குள் அதே அளவு வீட்டுக்கு மாதம் 10,000 ரூபாய் கூடுதல் செலவு என்று வைத்துக்கொள்வோம். நகரத்து வீட்டிலிருந்து அலுவலகம் அரை மணி நேரம். அப்படியானால் புறநகர்க்காரர் நாளொன்றுக்கு இரண்டரை மணி நேரம் கூடுதலாகப் பயணம் செய்கிறார். 25 நாளில் 62.5 மணி நேரம். மிச்சமாகும் 10,000 ரூபாயில் ஷேர் ஆட்டோ, டூ-வீலர் ஸ்டாண்டு, நேரம் தவறிய நாளில் எடுக்கும் கார் வாடகை என்று 1,500 ரூபாய் போனால் மீதி 8,500. ஒரு மணி நேரத்துக்கு 136 ரூபாய். மாதம் 40,000 ரூபாய் சம்பளம் வாங்கி நாளைக்கு எட்டு மணி நேரம் உழைப்பவரின் ஒரு மணி நேரத்துக்கு அலுவலகம் கொடுப்பது 200 ரூபாய். அலுவலகம் 200 ரூபாய்க்கு வாங்கும் அதே மனிதரின் நேரத்தை அவரே 136 ரூபாய்க்கு விற்கிறார். இந்தத் தொகைகள் ஒரு உதாரணத்துக்குத்தான். உங்கள் வாடகையையும் சம்பளத்தையும் போட்டால் விடை மாறும், திசைகூட மாறலாம். போட்டுப் பார்க்காமல் முடிவெடுப்பதுதான் தவறு.

பொருளாதாரப் படிப்பில் இதற்கு ஒரு பழைய விளக்கம் உண்டு. வில்லியம் அலோன்சோ 1964-இல் எழுதிய நூலில், நகர மையத்திலிருந்து தள்ளிப் போகப் போக நிலத்தின் விலை ஏன் குறைகிறது என்பதைக் கணிதமாக்கிக் காட்டினார். தூரத்தில் இருப்பவர் பயணத்துக்காகச் செலவிடும் பணமும் நேரமும் நிலத்தின் விலையிலிருந்து கழிந்துவிடுகிறது. கூடுவாஞ்சேரி மனை மலிவாக இருப்பதற்குக் காரணம் மண் அல்ல; மண்ணுக்கும் பாரிமுனைக்கும் நடுவில் உள்ள ஒன்றே முக்கால் மணி நேரம். இந்தக் கோட்பாட்டின்படி எல்லாம் நேர்செய்யப்பட்டுவிட வேண்டும். தூரத்தில் இருப்பவருக்குப் பயணம் கூடுதல், வீடு பெரிது. பக்கத்தில் இருப்பவருக்குப் பயணம் குறைவு, வீடு சிறிது. இரண்டு பேருக்கும் மனநிறைவு ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்.

அப்படித்தான் இருக்கிறதா என்று அலோய்ஸ் ஸ்டுட்சர், புரூனோ ஃப்ரே என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் சோதித்துப் பார்த்தார்கள். ஜெர்மனியில் ஒரே குடும்பங்களிடம் வருடா வருடம் எடுக்கப்படும் ஒரு பெரிய கணக்கெடுப்பு இருக்கிறது. அதில் வேலைக்குப் போகும் நேரமும் கேட்கப்படுகிறது, வாழ்க்கையில் எவ்வளவு நிறைவு என்பதும் கேட்கப்படுகிறது. இரண்டையும் பொருத்திப் பார்த்து 2008-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு: பயண நேரம் கூடக் கூட நிறைவு குறைகிறது. பெரிய வீடும் கூடுதல் சம்பளமும் அந்தக் குறையை ஈடுகட்டவில்லை.  வாங்குகிற மனிதர்கள் தவறாக எடை போட்டிருக்கலாம்.

ஏன் தவறுகிறோம்? நான் அந்த வீட்டைப் போய்ப் பார்த்தபோதே காரணம் புரிந்தது. வீடு கண்ணுக்குத் தெரிகிறது. சமையலறை மேடையைத் தொட்டுப் பார்க்கலாம், பால்கனியில் நாற்காலி போட்டு உட்காருவதை நினைத்துப் பார்க்கலாம். பயணத்தை அப்படித் தொட்டுப் பார்க்க முடியாது. இன்னொன்றும் உண்டு. மாறாத ஒன்றுக்கு மனம் சீக்கிரம் பழகிவிடும். இரண்டாவது படுக்கையறை முதல் மாதம் அதிசயம். ஆறாவது மாதம் துணி காயப்போடும் அறை. மாறிக்கொண்டே இருக்கும் தொல்லைக்கு மட்டும் மனம் பழகுவதில்லை. இன்று சிக்னல், நாளை மழை, மறுநாள் கூட்டத்தில் ஏற முடியாமல் விட்ட வண்டி. ஒவ்வொரு நாளும் புதிதாக உறுத்துகிறது. உளவியலாளர் டேனியல் கானமனும் அவரோடு சேர்ந்தவர்களும் டெக்ஸஸ் மாநிலத்தில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம், முந்தைய நாளைத் துண்டு துண்டாக நினைவுகூரச் சொல்லி, ஒவ்வொரு துண்டிலும் மனம் எப்படி இருந்தது என்று கேட்டார்கள். 2004-இல் வந்த அந்த ஆய்வில், வேலைக்குப் போய்வரும் பயணம்தான் பட்டியலின் அடியில் இருந்தது. வீட்டு வேலையும் அலுவலக வேலையும்கூட அதற்கு மேலே.

இத்தனை தூரம் போய்வர மனிதன் எப்போது பழகினான்? சேசரே மார்க்கெட்டி என்ற இத்தாலிய இயற்பியலாளர் 1994-இல் ஒரு கட்டுரை எழுதினார். யாகோவ் ஸஹாவி என்ற போக்குவரத்து ஆய்வாளர் அதற்கு முன்பே சேர்த்திருந்த கணக்குகளை வைத்து அவர் சொன்னது இது: நடந்து போன காலத்திலும் கார் ஓட்டும் காலத்திலும் மனிதன் நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம்தான் பயணத்துக்கு ஒதுக்குகிறான். போக அரை மணி, வர அரை மணி. மணிக்கு 5 கி.மீ. நடந்தால் அரை மணி நேரத்தில் 2.5 கி.மீ. பழைய கோட்டை நகரங்களின் அளவு அதற்குள்தான் அடங்கியது என்று அவர் காட்டினார். நம் ஜார்ஜ் டவுனைச் சுற்றி 18-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய மதில் இன்று வால்டாக்ஸ் ரோடு என்ற பெயரில் மிஞ்சியிருக்கிறது. அந்த மதிலுக்குள் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு ஏறக்குறைய அரை மணி நேரத்தில் நடந்துவிடலாம். கடையும் கோவிலும் கிடங்கும் வீடும் அந்த நடைக்குள் இருந்தன.

வேகம் கூடும்போது மனிதன் நேரத்தைச் சேமிப்பதில்லை, தூரத்தை நீட்டிக்கொள்கிறான் என்பதுதான் மார்க்கெட்டியின் கருத்தில் எனக்குப் பிடித்த இடம். சென்னையே அதற்குச் சாட்சி. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர் கேஜ் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. பம்பாய்க்கு அடுத்தபடியாக இந்தியாவில் மின்சாரப் புறநகர் ரயில் வந்த நகரம் நம்முடையதுதான். அந்தத் தண்டவாளத்தை ஒட்டி மாம்பலம், சைதாப்பேட்டை, பல்லாவரம், குரோம்பேட்டை என்று நகரம் தெற்கே நீண்டது. மீட்டர் கேஜ் 2004 ஜூலையோடு முடிந்து அகலப்பாதை ஆனது. இன்றைய வண்டிக்கு நிறுத்தங்களையும் சேர்த்து மணிக்கு ஏறக்குறைய 33 கி.மீ. சராசரி வேகம். அதன் அரை மணி நேர எல்லை கிண்டி, பரங்கிமலை வட்டாரத்தோடு முடிந்துவிடும். அதற்கு அப்பால் தாம்பரம், வண்டலூர், கூடுவாஞ்சேரி, சிங்கப்பெருமாள் கோயில் எல்லாமே மனிதன் தனக்கு ஒதுக்கிய ஒரு மணி நேரத்தைத் தாண்டிய ஊர்கள். வண்டியின் வேகத்தைவிட வேகமாக நகரம் நீண்டுவிட்டது. அந்த மிச்சத் தூரத்தை யார் சுமக்கிறார்கள் என்று கேட்டால், சீசன் டிக்கெட்காரர்கள்தான்.

இதற்குள் அக்கா மகன் நான் சொன்ன வேலையைச் செய்துவிட்டு வந்தான். திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் காலை அந்தக் குடியிருப்பின் வாசலிலிருந்து கிளம்பி அலுவலகம் போய்ச் சேர வேண்டும், நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அந்த வேலை. தாம்பரத்தில் ஒரு நண்பன் வீட்டில் தங்கிக்கொண்டு அவனும் செய்தான். ஒரு சின்ன நோட்டில் ஐந்து எண்கள்: 98 நிமிடம், 104, 101, 132, 105. "வியாழக்கிழமைதான் சித்தி கொஞ்சம் லேட். மத்த நாளெல்லாம் ஒண்ணே முக்காலுக்குள்ள முடிஞ்சிடுது" என்றான்.

எனக்கு அந்த வியாழக்கிழமைதான் முக்கியம். ஐந்து நாளின் சராசரி 108 நிமிடம். ஆனால் அலுவலகத்துக்குச் சராசரியாக நேரத்தில் வந்தால் போதாது; தினமும் நேரத்தில் வர வேண்டும். வியாழக்கிழமை எப்போது வரும் என்று தெரியாததால், எல்லா நாளும் வியாழக்கிழமை என்று நினைத்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டியிருக்கும். அதாவது தினமும் 132 நிமிடம் முன்னதாக. சராசரியைவிட 24 நிமிடம் கூடுதல். வருடத்துக்கு 112 மணி நேரம். பயணத்தில்கூடப் போகாமல், தாமதம் ஆகிவிடுமோ என்ற பயத்துக்காக மட்டும் கொடுக்கும் நேரம் அது. அதைக் கொடுக்க மனமில்லாதவர்கள் ஓடும் வண்டியில் தாவி ஏறுகிறார்கள், படியில் தொங்குகிறார்கள். 2018 ஜூலை 24 அன்று பரங்கிமலை நிலையத்தில் படியில் தொங்கியபடி வந்தவர்கள் பக்கச் சுவரில் மோதி இறந்தார்கள். நெரிசல் நேரத்து வண்டியை விட்டுவிட்டு அடுத்ததுக்காக நிற்க அந்தக் காலை வேளையில் யாரும் துணிவதில்லை.

காத்திருப்பிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஷேர் ஆட்டோ சரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒன்று வந்தால், நாம் எப்போது போய் நின்றாலும் சராசரியாக ஐந்து நிமிடம் காத்திருப்போம். அதே எண்ணிக்கை வண்டிகள் இரண்டு நிமிட இடைவெளியிலும் பதினெட்டு நிமிட இடைவெளியிலும் மாறி மாறி வந்தால்? சராசரி இடைவெளி அதே பத்து நிமிடம்தான். ஆனால் நாம் போய் நிற்கும் கணம் அந்தப் பதினெட்டு நிமிடப் பள்ளத்துக்குள் விழும் வாய்ப்பு பத்தில் ஒன்பது. சராசரிக் காத்திருப்பு 8.2 நிமிடமாகிவிடும். வண்டி ஒன்றுகூடக் குறையவில்லை. ஒழுங்கு குலைந்ததே போதும். "நான் நிற்கும்போது மட்டும் ஏன்தான் வண்டி வரமாட்டேங்குது" என்று சலித்துக்கொள்பவரின் ராசியில் ஒரு குற்றமும் இல்லை. நீண்ட இடைவெளியில்தான் அதிகம் பேர் நின்றுகொண்டிருப்பார்கள்.

இந்த நிச்சயமின்மை உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்பதை கேரி எவன்ஸ், ரிச்சர்டு வெனர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். நியூ ஜெர்சியிலிருந்து நியூயார்க்குக்கு ரயிலில் வேலைக்குப் போகிறவர்களின் எச்சிலை எடுத்து அதில் கார்டிசால் அளவைப் பார்த்தார்கள். நெருக்கடி நேரத்தில் சிறுநீரகத்துக்கு மேலே உள்ள சுரப்பி விடும் ஹார்மோன் கார்டிசால். பயண நேரம் கூடியவர்களுக்குக் கார்டிசாலும் கூடியிருந்தது. இறங்கியதும் எழுத்துப் பிழை திருத்தும் வேலை ஒன்றைக் கொடுத்தார்கள். நீண்ட பயணம் செய்தவர்கள் அதில் ஊன்றி நிற்கவில்லை. பயணம் எப்படி அமையும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது என்று நினைத்தவர்களுக்கு அழுத்தம் அதிகமாக இருந்ததையும் கண்டார்கள். நியூ ஜெர்சியில் ஒரு தடத்தில் இடையில் மாறி ஏறத் தேவையில்லாத நேரடி ரயில் விட்டபோது, அதற்கு மாறியவர்களின் அழுத்தம் குறைந்தது. ஆக, ஒரே வண்டியில் ஒன்றேகால் மணி நேரம் என்பதும், மூன்று வண்டி மாறி ஒன்றேகால் மணி நேரம் என்பதும் உடம்புக்கு ஒன்றல்ல.

அவர்கள் கண்ட இன்னொன்றைப் படித்தபோது எனக்கு என் பழைய நாட்கள் கண்முன் வந்தன. பெட்டியில் மொத்தம் எத்தனை பேர் என்பதைவிட, நம்மை ஒட்டி உட்கார்ந்திருப்பவர் எவ்வளவு நெருக்கம் என்பதுதான் அழுத்தத்தைக் கூட்டுகிறது. மூன்று பேர் உட்காரும் இருக்கையில் "கொஞ்சம் தள்ளி உட்காருங்கம்மா" என்று நான்காவதாக ஒருவர் ஓரத்தில் தொற்றிக்கொள்வார். ஓரத்தில் இருப்பவருக்கு இடுப்பு வலி, நடுவில் இருப்பவருக்கு மூச்சு முட்டல். யாரும் யாரையும் குறைசொல்ல மாட்டார்கள். நாளை நாமும் அந்த நான்காவது ஆள்தான். ஆனால் தோள் இறுகிப்போய்தான் இறங்குவோம்.

நின்றுகொண்டே வருபவர்களின் கதை வேறு. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து, காலில் இறங்கிய இரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். அசையாமல் நின்றால் அந்தத் தள்ளல் நின்றுவிடும். இரத்தம் காலிலேயே தேங்கும், பாதம் கனக்கும், நாளடைவில் சிலருக்கு நரம்பு சுருட்டிக்கொள்ளலாம். ஒரு மணி நேரம் நடந்தவரைவிட ஒரு மணி நேரம் நின்றவர் அதிகம் களைத்துப்போவது இதனால்தான். நிற்க வேண்டி வந்தால் குதிகாலை உயர்த்தி இறக்கிக்கொண்டே இருங்கள். தசை வேலை செய்யும்.

உட்கார இடம் கிடைத்தால் தூக்கம் வரும். அது களைப்பினால் மட்டும் வருவதல்ல. மெல்போர்னில் உள்ள ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தார், வண்டி இருக்கை போல அதிரும் இருக்கையில் ஆட்களை உட்கார வைத்துச் சோதித்தார்கள். தாழ்ந்த அதிர்வெண்ணில் மெல்ல அதிர்ந்தால், நன்றாகத் தூங்கி எழுந்தவர்களுக்குக்கூட கால் மணி நேரத்தில் தூக்கக் கலக்கம் வந்தது. 2018-இல் வெளியான ஆய்வு அது. நாம் சைதாப்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் தூங்கி விழுவது வீட்டுத் தூக்கத்துக்கு ஈடாகாது. அமெரிக்கர்களின் அன்றாட நேரக் கணக்கை ஆராய்ந்த மத்தியாஸ் பாஸ்னர் குழு, மனிதர்கள் தூக்கத்தைக் குறைத்து எதற்குக் கொடுக்கிறார்கள் என்று பார்த்தது. முதலிடம் வேலைக்கு, அடுத்த இடம் பயணத்துக்கு. கனவுகள் வரும் தூக்கம் இரவின் கடைசிப் பகுதியில்தான் அதிகம். நாலரை மணிக்கு அலாரம் வைப்பவர் இழப்பது பெரும்பாலும் அந்தப் பகுதியைத்தான்.

நாலரை மணிக்கு எழுவது யார்? இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 2011-இல் ஜெனிஃபர் ராபர்ட்ஸ், ராபர்ட் ஹாட்ஜ்சன், பால் டோலன் ஆகிய மூவரும் பிரிட்டனில் குடும்பங்களைத் தொடர்ந்து கணக்கெடுத்த தரவுகளை ஆராய்ந்தார்கள். பயண நேரம் பெண்களின் மனநலத்தைப் பாதித்தது. ஆண்களிடம் அந்தப் பாதிப்பு தென்படவில்லை. வேலை நேரம், சம்பளம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் அப்படித்தான். குழந்தையையும் வீட்டு வேலையையும் பெண்கள் அதிகம் சுமப்பதுதான் இதற்குக் காரணமாக இருக்கும் என்றார்கள். எனக்கு இதைச் சொல்ல ஆய்வு தேவைப்படவில்லை. மாலை 6 மணி வண்டியின் மகளிர் பெட்டியில் மடியில் செய்தித்தாளை விரித்துக் கீரை ஆய்ந்துகொண்டு வந்தவர்களோடு உட்கார்ந்து வந்திருக்கிறேன். பூண்டு உரிப்பார்கள், பூ தொடுப்பார்கள், குழந்தையின் வீட்டுப்பாடத்தைப் போனிலேயே சொல்லிக்கொடுப்பார்கள். ரயிலில் இருந்து இறங்கும் ஆணுக்கு அன்றைய வேலை முடிந்திருக்கும். அவர்களுக்கு இரண்டாவது ஷிப்டு தொடங்கும். ஒரு குடும்பம் புறநகரில் வீடு வாங்க முடிவெடுக்கும்போது, இருவரும் ஒரே அளவு தூரத்தில் வேலை பார்த்தாலும், விலை இருவருக்கும் ஒன்றல்ல. இதை அக்கா மகனிடம் அவன் மனைவி முன்னால் வைத்தே சொன்னேன். அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. நோட்டை வாங்கி அந்த ஐந்து எண்களையும் இரண்டு முறை படித்தாள்.

ஸ்வீடனில் எரிகா சாண்டோ என்ற புவியியலாளர், ஒரு வழிக்கு 45 நிமிடத்துக்கு மேல் பயணம் செய்பவர்களின் குடும்ப வாழ்க்கையைப் பதிவேடுகளில் தொடர்ந்து பார்த்தார். மற்றவர்களைவிட அவர்கள் பிரிந்துபோகும் வாய்ப்பு 40 சதவீதம் அதிகம். இப்படிப்பட்ட எண்களைக் கண்டு பயந்துவிடக் கூடாது. நீண்ட பயணமும் பிரிவும் சேர்ந்து வருகின்றன என்பதால் ஒன்று மற்றொன்றை உண்டாக்கியது என்று ஆகிவிடாது. ஆனால் இரவு ஒன்பது மணிக்கு வீடு சேரும் இருவர் எதைப் பேசிக்கொள்வார்கள் என்று யோசித்தால் அந்த எண் அவ்வளவு அந்நியமாகத் தெரிவதில்லை.

பயணத்தில் நல்லதே இல்லையா? உண்டு, அதையும் எடைத்தட்டில் வைத்துத்தான் ஆக வேண்டும். கலிஃபோர்னியாவில் லோத்லோரியன் ரெட்மண்ட், பாட்ரிசியா மொக்தாரியன் இருவரும் "உங்களுக்குப் பிடித்த பயண நேரம் எவ்வளவு" என்று வேலைக்குப் போகிறவர்களிடம் கேட்டபோது, பூஜ்யம் என்று சொன்னவர்கள் மிகக் குறைவு. சராசரி விடை 16 நிமிடம். வீட்டையும் வேலையையும் பிரிக்க நடுவில் ஒரு சின்ன வராந்தா மனிதனுக்கு வேண்டியிருக்கிறது. சிகாகோ புறநகர் ரயிலில் நிக்கலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் செய்த சோதனையும் எனக்கு மிகவும் பிடிக்கும். பக்கத்தில் இருக்கும் அறிமுகமில்லாதவரிடம் பேசச் சொன்னார்கள் சிலரை, பேசாமல் தனியாக வரச் சொன்னார்கள் சிலரை. பேசினால் பயணம் கெட்டுவிடும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். பேசியவர்கள்தான் மகிழ்ச்சியாக இறங்கினார்கள்.

நம் சீசன் டிக்கெட்காரர்கள் இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். எந்தப் பெட்டி, எந்தக் கதவு, எந்த ஜன்னல் என்று ஒரு கூட்டம் வருடக்கணக்காகச் சேர்ந்து போகும். முன்னால் ஏறியவர் கைக்குட்டை போட்டு இடம் பிடித்துவைப்பார். கல்யாணப் பத்திரிகை ரயிலிலேயே வைக்கப்படும். நான் படித்த நாவல்களில் பாதி அந்தத் தடத்தில் படித்தவை. என் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது முதலில் வந்து நின்றவர்கள் உறவுக்காரர்கள் இல்லை, 7.20 வண்டிக்காரர்கள். அந்த நட்புக்கு நான் இன்றும் கடன்பட்டவள். ஆனால் அந்த நட்பு கிடைத்தது அரை மணி நேரத்தில் முடியாத பயணத்தை எல்லோரும் சேர்ந்து தாங்கியதால். அதே மனிதர்களோடு நாற்பது நிமிடம் போதுமாயிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

இத்தனையையும் எடை போட முடிகிறவர்கள் பாக்கியசாலிகள் என்பதை மறக்கக் கூடாது. அரக்கோணத்திலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் விடியும் முன் கிளம்பி வருபவர்களில் பலருக்கு இதில் தேர்வே இல்லை. வேலை நகரத்தில், வாடகை கொடுக்க முடிந்த வீடு வெளியில். அவர்களிடம் போய்க் கார்டிசால் பற்றிப் பேசி என்ன பயன்? அவர்களுக்காகப் பேச வேண்டிய இடம் வேறு. நிச்சயமின்மைதான் அதிகம் வதைக்கிறது என்றால், சொன்ன நேரத்துக்கு வரும் வண்டியும், உண்மையைக் காட்டும் நேரப் பலகையும், ரயில் வந்ததும் வெளியே நிற்கும் சிற்றுந்தும் அவர்களின் உடல்நலத்துக்காகச் செய்யும் செலவுகள். புதிய தடம் போடப் பல வருடம் ஆகும். பேருந்து நேரத்தை ரயில் நேரத்தோடு பொருத்த அவ்வளவு நாள் தேவையில்லை. அலுவலகங்கள் தொடங்கும் நேரத்தை ஒரு மணி நேரம் முன்பின்னாகப் பிரித்து வைப்பதற்குத் தண்டவாளமே தேவையில்லை.

அக்கா மகனும் அவன் மனைவியும் அந்தக் குடியிருப்புக்கு அட்வான்ஸ் கொடுக்கவில்லை. குரோம்பேட்டையில் பழைய கட்டடம் ஒன்றில், முதல் மாடியில், பால்கனி இல்லாத இரண்டு படுக்கையறை வீடு பார்த்திருக்கிறார்கள். நிலையத்துக்கு நடை தூரம். அவனுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், அவளுக்கு அதற்கும் குறைவு. சரியான முடிவா என்று கேட்டான். ஏரி தெரியவில்லை என்ற குறை கொஞ்ச நாள் இருக்கும், பிறகு மறந்துவிடும். நாலரை மணி அலாரம் மறக்காது என்றேன்.

நீங்களும் வீடு பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்று செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேனில் போய்ப் பார்த்ததோடு முடித்துவிடாதீர்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், ஒரு வாரம் முழுக்க, அலுவலக நேரத்தில், அந்த வீட்டு வாசலிலிருந்து உங்கள் நாற்காலி வரை போய்ப் பாருங்கள். மாலையில் திரும்பியும் பாருங்கள். நிமிடங்களை எழுதுங்கள், மிக மோசமான நாளை அடிக்கோடிடுங்கள். வீட்டில் வேலைக்குப் போகிற இன்னொருவரும் தன் நோட்டில் தனியாக எழுதட்டும். இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.